முன்பல்லுக்கு ஒரு படம்

என் தங்கை சின்னத்தங்கத்தின் புருஷன் இராசதுரையைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய முன்பல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பல் சாப்பிடவும் சிரிக்கவும்தான். அவனுக்கு அது தொழில்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், அம்பிளாந்துறைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். எங்களுக்கு அது ஆறு. இராசதுரை அந்த ஆற்றில் வீச்சுவலை வீசுகிறவன். வீச்சுவலையைக் கையால் மட்டும் வீச முடியாது. வலையின் ஒரு பாதியை இடது முழங்கையில் போட்டு, மறுபாதியை வலது கையில் விரித்து, ஈயக்குண்டு கோத்த விளிம்பை முன்பல்லால் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பைச் சுழற்றி எறிகிற அந்தக் கணத்தில் பல் அதை விட வேண்டும். முந்தி விட்டால் வலை விரியாது. பிந்தி விட்டால் வலையோடு பல்லும் போகும். இராசதுரையின் வலை பரந்து விழுவதைப் பார்ப்பதற்காகவே நான் வேலை பார்த்த சங்கக்கடையைப் பூட்டிவிட்டுக் கரையில் போய் நிற்பதுண்டு. கடையில் விற்க ஒன்றும் இல்லாத நாட்கள் அப்போது நிறைய இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சண்டைக் காலம். தொண்ணூற்றாறாம் ஆண்டு. இயந்திரத் தோணி ஓடக்கூடாது. ஆற்றின் நடுவுக்குப் போனால் எந்தக் கரையிலிருந்து வெடி வரும் என்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் கரையோரம் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று வீசுகிற வலை ஒன்றுதான் மிச்சம். அதில் வருகிற செப்பலி மீனும் இறாலும்தான் என் தங்கை வீட்டுச் சோறு. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பல் வலி வந்தது.

முதலில் கராம்பு வைத்தான். உப்புத் தண்ணீர் கொப்பளித்தான். பிறகு பல் பிடுங்குகிற பரியாரியாரிடம் போனான். அவர் குறட்டோடு வாய்க்குள் எட்டிப் பார்த்து, மேல் வரிசையில் கடைவாய்ப் பக்கம் கறுத்து ஓட்டை விழுந்திருந்த பல்லைக் கண்டு, இதுதான் கள்ளன் என்று இழுத்துப் போட்டார். வலி போகவில்லை. அடுத்த மாதம் பக்கத்துப் பல்லையும் எடுத்தார். அதற்கும் போகவில்லை. மேலுதடு வீங்கி, மூக்கின் அடிவரை குத்தத் தொடங்கியது. வலிக்கிற பக்கத்தில் மிச்சம் இருந்தது முன்பல்தான் என்றும் அதையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்றும் பரியாரியார் சொன்னார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடுங்கினார். அந்த முன்பல்லில் ஓட்டையும் இல்லை, உடைவும் இல்லை. வெற்றிலைக் காவி ஏறி மற்றப் பற்களைப் போலவே செங்கறுப்பாக, உறுதியாக நின்றது.

பிடுங்குவதற்கு முன்னால், இராசதுரை அந்தப் பல்லின் உதவி இல்லாமல் வலை வீசிப் பார்த்தான். கடைவாயால் கடித்துப் பார்த்தான், விளிம்பை உதட்டால் கவ்விப் பார்த்தான், விரலிடுக்கில் செருகிப் பார்த்தான். வலை தண்ணீரில் சாக்கு மாதிரிப் போய் விழுந்தது. அன்றைக்கு அவன் கொண்டுவந்த மீன் ஒரு சட்டியின் அடியைக்கூட மூடவில்லை. வலியோடு பல்லை வைத்திருந்தாலும் பட்டினி, பிடுங்கினாலும் பட்டினி என்று வந்து நின்றது நிலைமை.

பட்டினத்துக்குப் போய்ப் பல் டொக்டரிடம் காட்டு என்று நான் சொன்னபோதெல்லாம் அவன் வேறு பேச்சு எடுத்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் அவனையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை, தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள் என்று அவன் சொன்னான். உதடு ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, திரும்பி வரும்போது தோணியில் துடுப்புப் பட்டது என்றான். நாங்களும் நம்பினோம். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஆற்றைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போனதே இல்லை. அங்கே இறங்கினால் ஆமியின் சோதனைச் சாவடி இருந்தது.

கடைசியில் அவனை அசைத்தவள் என் தங்கைதான். அவள் கத்தவில்லை, அழவில்லை. சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, எனக்கு வலை வீசத் தெரியாது. தெரிஞ்சா நான் இறங்குவன். உங்கட பல்ல நம்பித்தான் இந்த வீட்டில உலை வைக்கிறம்."

மறுநாள் காலை அவன் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்பிளாந்துறையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் மிதவை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்போம். பாதையில் ஏறியதிலிருந்து சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து விடும் வரை அவன் நிலத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் நானே பேசினேன். பிறகு வஸ் பிடித்துப் பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

பற்சிகிச்சை நிலையத்தில் டொக்டர் வினாயகமூர்த்தி அவன் வாய்க்குள் பார்த்தார். ஒவ்வொரு பல்லாகச் சின்னக் கம்பியால் தட்டினார். முன்பல்லில் தட்டியபோது இராசதுரை கதிரையிலிருந்து எழும்பியே விட்டான். பிடுங்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். எக்ஸ்றே படம் எடுக்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார் அவர். வேர் வெடித்திருந்தால் பல்லை எடுக்கத்தான் வேண்டும், வேர் முழுசாக இருந்தால் காப்பாற்ற வழி உண்டு, அது வெளியில் பார்த்துத் தெரிகிற காரியம் இல்லை என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

படம் எடுப்பவள் றஸீனா. ஏறாவூர்ப் பெண். தினமும் வஸ்ஸில் வந்து போகிறவள். கதிரைக்குப் பக்கத்தில் சுவரோடு பொருத்திய இரும்புக் கை ஒன்று, அதன் நுனியில் கூர்ந்த குழாய் ஒன்று. தீப்பெட்டியின் பாதியளவு இருந்த பிலிமைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். குழாயை அவன் முகத்துக்கு நேரே திருப்பினாள். அசையாமல் இருங்கள் என்றாள்.

அவ்வளவுதான். அவன் நடுங்கத் தொடங்கினான். பிலிமைக் கழுவி எடுத்துப் பார்த்தால் பல்லும் இல்லை, வேரும் இல்லை, புகை மாதிரி ஒரு கலங்கல். இரண்டாவது தடவையும் அப்படியே. றஸீனா பெட்டியைத் திறந்து பார்த்தாள். கொழும்பிலிருந்து பிலிம் வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இனி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பிழைத்தால் அடுத்த சாமான் வரும்வரை பொறுக்க வேண்டும் என்றாள். வீங்கிய உதட்டோடு அவன் எத்தனை நாள் பொறுப்பான்? வீட்டுக்குப் போனால் பரியாரியாரின் குறடு காத்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஆத்துக்குள்ள நிண்டா உன்ன மரக்குத்தி எண்டு நினைச்சுக் கொக்கு வந்து குந்தும். இஞ்ச கதிரையில இருந்துகொண்டு என்னத்துக்கு இந்த நடுக்கம்?"

றஸீனாதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவர் ஆற்றில் என்ன செய்கிறவர் என்று கேட்டாள். சொன்னேன். மீன் வரும் வரைக்கும் தண்ணீரில் வளையம்கூட எழும்பாமல் நிற்பான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். இரும்புக் கையை மேலே உயர்த்தினாள்.

"எழும்புங்க அண்ணன். வலையோட எப்பிடி நிப்பீங்களோ அப்பிடியே நில்லுங்க. என்னப் பாக்க வேணாம். மீனப் பாருங்க."

இராசதுரை எழும்பினான். செருப்பைக் கழற்றினான். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பெருவிரலால் பிலிமைப் பிடித்தபடி, சீமெந்துத் தரையில் எங்கோ ஒரு புள்ளியைப் பார்த்தான். குழாய் அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவன் தோளில் ஒரு ஈ வந்து இருந்ததும் பறந்ததும் எனக்குத் தெரிந்தது. அவன் அசையவில்லை.

றஸீனா பிலிமைக் கழுவிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. டொக்டர் எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளையாக நீண்ட வேர், ஒரு கீறல்கூட இல்லை. அதன் நுனியில் மட்டும் உளுந்து அளவில் கறுப்பாக ஒரு நிழல். பல் வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்பு செத்து, எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்றார். இப்படிச் செத்த பல் வெளியே நிறம் மாறும், உங்கள் வெற்றிலைக் காவியில் அது மறைந்து போய்விட்டது என்றார். இந்தப் பல்லில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, தோணியில் துடுப்புப் பட்டது என்றேன்.

"துடுப்பில்ல ஐயா," என்றான் இராசதுரை. "பிடிச்சுக்கொண்டு போன இடத்தில துவக்குப் பிடியால அடிச்சவங்க. வீட்டில சொல்லல்ல."

மூன்று வருடம் அவனோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவன் நான். எனக்குத் தெரியாது. துப்பாக்கி முனை போல நீட்டிய அந்தக் குழாயைக் கண்டு அவன் ஏன் நடுங்கினான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய நடுக்கத்தைப் பழித்த வாயை மூடிக்கொண்டேன். டொக்டர் வேறொன்றும் கேட்கவில்லை. அவனுடைய சிகிச்சை அட்டையில் 'அடிபட்ட பல்' என்று மட்டும் எழுதினார். அந்த அட்டையைச் சாவடியில் வாங்கிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சில வாரங்களாகப் போய் வந்தோம். பல்லின் பின்பக்கத்தில் துளை போட்டு, உள்ளே இருந்த அழுகலை எடுத்து, மருந்து வைத்து அடைத்தார். வீக்கம் முதல் தடவையே வற்றிவிட்டது. இரண்டாம் தடவை போகும்போது இராசதுரை கரையோரச் சேற்றில் கையால் தடவிப் பிடித்ததில் பெரிய இறால்களாகப் பார்த்துத் தாமரை இலையில் சுற்றி றஸீனாவுக்குக் கொண்டுபோனான். வாங்கலாமா என்று அவள் தயங்கினாள். அவளுடைய வாப்பா முன்பு எங்கள் கரைக்கு வந்து மீன் வாங்கிப்போய் ஏறாவூரில் விற்றவராம். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு அவர் வருவதும் இல்லை, எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதும் இல்லை. அடுத்த தடவை றஸீனா வீட்டில் கிண்டிய இனிப்புத் தொதல் ஒரு பொட்டலம் தந்தாள். வாப்பா இறாலைக் கையில் எடுத்த உடனேயே அது எந்தத் துறையில் பிடித்தது என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு இராசதுரை சிரித்ததுபோல் அந்த வருடத்தில் நான் வேறு யாரும் சிரித்துப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் நான் நன்றி சொல்லக்கூடியவர்கள் அதிகம் இல்லை. எல்லோர் மேலும் கோபமாக இருந்தேன். இன்றைக்கும் அதில் பாதி மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒரு மீன்காரனின் ஒற்றைப் பல்லுக்காகக் கடைசிப் பிலிமை எடுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணை நினைத்தால் என் மனம் கனிந்துவிடும். அவள் நல்லாயிருக்க வேண்டும்.

கடைசித் தடவை போனபோது கொழும்பிலிருந்து புதுப் பிலிம் வந்திருந்தது. இன்னொரு படம் எடுத்து, நிழல் சுருங்கத் தொடங்கிவிட்டது, இனி வலையைக் கடிக்கலாம் என்று டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது சாவடியில் ஒரு இளம் சிப்பாய் நின்றான். அவனுடைய மேலுதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. இராசதுரையின் சிகிச்சை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, உடைந்த தமிழில், பல் கழற்றியாயிற்றா என்று கேட்டான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இராசதுரை என் கையைப் பிடித்து நிறுத்தினான். நிமிர்ந்து அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தான். விரலால் தன் உதட்டைத் தூக்கி முன்பல்லைக் காட்டினான்.

"கழட்ட வேணாம்," என்றான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "பட்டினத்துக்குப் போங்க. முதல்ல படம் எடுங்க. றஸீனா எண்டு ஒரு தங்கச்சி இருக்கா, அவட்டச் சொல்லுங்க."

சிப்பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. றஸீனா, றஸீனா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தான்.

பாதையில் ஏறிய பிறகு நான் இராசதுரையை ஏசினேன். உன்னை அடித்த கூட்டத்துக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்கிறாயா, அவன் பல் எல்லாம் கொட்டிப்போனால் உனக்கென்ன என்று கேட்டேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் கரை கிட்டியபோது என் பக்கம் திரும்பினான்.

"அவனுக்கும் முன்பல்லு மச்சான்," என்றான்.