பேராசிரியரின் கடைசிப் பக்கத்தில் என் ஊர்

பலேர்மோவில் வீடுகளுக்குப் போய்த் தூசு துடைப்பதுதான் என் வேலை. ஆனால் கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், தூசியைத் தொடவே கூடாத வீடு ஒன்றும் எனக்கு வாய்த்தது. மேசை நிறைய உடைந்த சட்டித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. துணியை எடுத்தாலே கிழவர் "நோ, நோ" என்று பதறுவார். உடைந்த சட்டிக்கு இவ்வளவு காவலா என்று எனக்கு முதல் நாளே ஐமிச்சம்.

அவர் பெயர் அராம், ஆர்மேனியப் பேராசிரியர். இளமையில் தன் நாட்டு மலைக்கோட்டைகளைத் தோண்டி ஆராய்ந்தவர். பிறகு, சனங்கள் துரத்தப்பட்டு வெறுமையாய்ப் போன ஊர்களின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினாராம். தப்பியவர்களை நாடு நாடாகத் தேடிப் போய், கிணறு எங்கே, கோயில் எங்கே, யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டு எழுதியே நாற்பது வருடம் போயிற்றாம். இதெல்லாம் அவரை இங்கே கூட்டிவந்த மகள் சொன்னது. நான் பாதிதான் நம்பினேன்.

ஒருநாள் தேநீர் வைத்தபோது கொப்பியைத் திறந்தார். இருவருக்குமே அரைகுறை இத்தாலியன்தான். "உன் ஊரின் பெயர் என்ன? வீட்டில் யார் யார் இருந்தீர்கள்?"

யுத்தம் முடிந்த கையோடு, வன்னியிலிருந்து வெளியே வந்த எங்களிடம், மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆமிக்காரன் ஒருவன் கேட்டதும் இதே இரண்டு கேள்விதான். அண்ணா ரவீந்திரன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவனை மட்டும் வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். இன்றுவரை வரவில்லை. கொப்பியும் பேனையுமாக ஊர் விசாரிக்கிற எவரையும் அதன் பிறகு நான் நம்பியதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

"உந்தக் கிழவன் ஏன் எழுதுறார்?" என்றார் கணவர், வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு. "இஞ்ச இருக்கிற பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கிற நேரம். குவெஸ்தூராப் பொலிசுக்கு ஏதும் போய், விசாவை மறிச்சால் என்ன செய்யிறது? வாயைக் குடுத்து மாட்டுப்படாதையும்."

"ஓம், எனக்கும் அந்தப் பயம்தான்."

மறுநாள் ஆலடிவெளி என்று இல்லாத ஊர் ஒன்றைச் சொன்னேன். குளம் வைத்தேன், பள்ளிக்கூடம் கட்டினேன். கேட்கக் கேட்க ஊர் பெருத்தது. அண்ணாவுக்கும் ஒரு பொய்ப்பெயர் யோசித்துத்தான் போயிருந்தேன். வாய் கேட்கவில்லை. ரவீந்திரன் என்றே வந்துவிட்டது.

சில மாதத்தில் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது, ஒரு கேள்வியும் இல்லாமல். அதன்பின் ஒரு காலை, அவர் அச்சுத்தாள்களை என் முன் வைத்தார். கடைசிப் பக்கம் முழுக்க ஆலடிவெளி.

"நாளை அச்சுக்குப் போகிறது. பிழை இருந்தால் இப்போதே சொல்" என்றார். "என் தாத்தாவின் ஊர்ப்பெயரை எனக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிதரையா சந்தேகித்தேன்? பிழை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். திருத்தி எழுத ஆயத்தமாக அவர் பேனையின் மூடியைக் கழற்றினார். அவ்வளவுதான், கண்முன் அந்த வன்னி மேசை வந்து நின்றது.

"எல்லாம் சரி, ப்ரொஃபெஸோரே" என்றேன்.

புத்தகம் வந்துவிட்டது. எனக்கும் ஒரு பிரதி தந்தார். என் உண்மையான ஊர் அதில் இல்லை. வன்னியிலும் அது இப்போது ஆமியின் முட்கம்பிக்கு அந்தப்பக்கம்தான். புத்தகத்தில் ஊர் பொய், அண்ணாவின் பெயர் மெய். ஆலடிவெளியில் அவனைப் பிடிக்க ஒருவனும் வர முடியாது. பார்க்க நானும் போக முடியாது.