ஒரு டவுட்டும் ஒரு வசந்தகுமாரியும்

“அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க எழுதினது பவானி. நீ திருத்தி அனுப்பினா... சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.”

சொன்னவர் எங்கள் ஆபீஸ் சீனியர் முரளி அண்ணா. நல்ல மனுஷர். யாரையும் தப்பித்தவறிக்கூட உற்சாகப்படுத்திவிடக் கூடாது என்பதில் மட்டும் ரொம்ப கவனமாக இருப்பார்.

விஷயம் இதுதான். வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். பள்ளிக்கூடங்களுக்கு ஐ.டி. கார்டு அடிக்கும் புரோகிராம் எங்களுடையது. போன மாதம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கு, தமிழில் பெயர் போட்டு மாதிரி கார்டுகள் அனுப்பினோம். அன்றைக்கே போன் வந்தது.

“மேடம், நான் வசந்தகுமாரியோட அம்மா பேசறேன். நான் பொண்ணைத்தாங்க சேர்த்தேன். கார்டுல பையனாக்கிட்டீங்களே!”

எடுத்துப் பார்த்தால் — ‘வசந்தகுமார’. கடைசி ‘ரி’க்கு மேலிருக்கும் வளைவைக் காணோம்!

யார் செய்த வேலை? நீளமான பெயரை கார்டுக்குள் அடக்குவதற்கு நாங்கள் ஓர் இலவச பேக்கேஜைப் பயன்படுத்துகிறோம். ஓப்பன் சோர்ஸ். அதாவது, அதன் கோடிங்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதைப் பராமரிப்பவர் இஷ்டம். பத்து எழுத்துக்கு மேல் போனால் பெயரை வெட்டிவிடும் அது. வசந்தகுமாரி நம் கணக்கில் ஏழு எழுத்து. அதன் கணக்கில் பதினொன்று! புள்ளி, கால், வளைவு எல்லாவற்றையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது. கல்யாணப் பந்தியில் மடியில் இருக்கிற குழந்தைக்கும் சேர்த்து இலை போடுவார்களே, அப்படி.

“நம்ம காப்பியில மட்டும் கை வெச்சா, அடுத்த அப்டேட்ல அடிச்சுக்கிட்டுப் போயிடும்” என்றார் முரளி அண்ணா. “ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சரியாகலைன்னா, பேசாம இங்கிலீஷ்லயே பேர் அடிச்சுடலாம்.”

பேசாமல் இருக்க முடியுமா? அந்த அம்மா தமிழ் படித்ததால்தானே தப்பு தெரிந்தது? இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தால், மகள் பெயரை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் பெயர் போட்ட காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தவர்கள் என் பெற்றோர். எனக்குத் தெரியாதா?

எழுத்தை எழுத்தாக எண்ணும்படி திருத்தி அனுப்பினேன். கூடவே அந்தப் பேக்கேஜைப் பராமரிக்கும் ஜெர்மனிக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி: “உங்கள் புரோகிராமில் எனக்கு ஒரு டவுட்.”

பதில் மறுநாளே வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த மாதிரி. “எதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள்? எல்லாச் சோதனைகளிலும் இது தேறியிருக்கிறது.”

நான் எப்போது நம்ப மறுத்தேன்? டவுட்தானே கேட்டேன்?

அப்புறம்தான் உறைத்தது. நமக்கு டவுட் என்றால் கேள்வி. பாடம் முடிந்ததும் டீச்சர் ‘எனி டவுட்?’ என்பாரே, அது. அவருக்கோ டவுட் என்றால் அவநம்பிக்கை! முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, ‘உன் மேல் எனக்குச் சந்தேகம்’ என்றால்...?

“மொதல் நாளே சண்டையா? சூப்பர்” என்றார் முரளி அண்ணா. ஒரு மாதத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

விடுவேனா? “எங்கள் ஊரில், நன்றாகத் தெரிந்தவரிடம்தான் டவுட் கேட்போம். அது மரியாதை” என்று எழுதி, ‘வசந்தகுமார’ கார்டின் பெயரை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வளைவு போனால் பெண் ஆணாகிவிடுவாள் என்றும் விளக்கினேன்.

இம்முறை பதிலில் கொஞ்சம் வெயில் அடித்தது. “சோதித்துப் பார்க்க இன்னும் நிறைய பெயர்கள் தர முடியுமா?”

பெயருக்கா பஞ்சம்? வீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். தெருவையே ஒப்பித்துவிட்டாள்.

“மல்லிகேஸ்வரி எழுதிக்கோ. அவ பேர்ல கை வெச்சான்னா, அந்த ஜெர்மனிக்காரன் தொலைஞ்சான்.”

“அவர் நல்லவரும்மா.”

“நல்லவன் ஏன்டி பொம்பளைப் புள்ளைய ஆம்பளை ஆக்கறான்?”

மல்லிகேஸ்வரியை முதல் ஆளாக எழுதிக்கொண்டேன். பெயர்களோடு ஊர்களையும் சேர்த்து அனுப்பினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்தக் கீழ்பென்னாத்தூர் என்பவர் ஆணா, பெண்ணா?”

பஸ் போகிற ஊர் என்று எழுதினேன்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். கார்டுகளைத் தமிழிலேயே அடித்தோம். வசந்தகுமாரி முழுசாக, பெண்ணாகவே வந்தாள். முரளி அண்ணா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ம்... பரவால்ல” என்றார். அவர் அகராதியில் இது பாராட்டு விழா.

திருத்தம் ஏற்கப்பட்டால், அந்தப் பேக்கேஜ் இருக்கும் இணையதளத்திலிருந்து தானாகவே ஒரு நன்றிக் கடிதம் வரும். நான் கொடுத்திருந்த பெயர் மு. பவானி. வந்த கடிதம் இப்படித் தொடங்கியது:

“அன்புள்ள மு., உங்கள் உழைப்புக்கு நன்றி!”

மு. நானில்லை. எங்கப்பா முனுசாமி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். படித்துக் காட்டினேன்.

“எனக்கு எதுக்கும்மா நன்றி சொல்றாங்க? நான் என்ன செஞ்சேன்?” என்று வெட்கப்பட்டார்.

என்னைப் படிக்க வைத்ததற்கு அது போய்ச் சேரட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தேன். ஆனால், நாளைக்கு வசந்தகுமாரிக்கும் இப்படி ஒரு கடிதம் வருமே... அதில் அவள் பெயர் இருக்க வேண்டாமா?

அந்த நன்றி அனுப்புகிற புரோகிராமும் ஓப்பன் சோர்ஸ்தானாம். இன்று காலை திருத்தி அனுப்பிவிட்டேன்.