சுமோவும் செபமாலையும்

இந்த நாட்டில் எனக்கு முதலில் விளங்கிய சட்டம் சுமோவின் சட்டம்தான். வளையத்துக்கு வெளியே கால் வைத்தால் தோல்வி. பாதத்தைத் தவிர வேறெது நிலத்தில் பட்டாலும் தோல்வி. அதற்கு டொச்சு மொழியும் வேண்டாம், வதிவிட பேர்மிட்டும் வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஐந்தாம் மாடி. கணவர் பின்னேர வேலைக்கு உணவகத்துக்குப் போனதும் மகளைத் தூங்கவைத்துவிட்டு உடுப்பு மடிப்பேன். அப்போதுதான் ஜப்பான்காரரின் சுமோ மல்யுத்தம் காட்டும் ஒரு விளையாட்டுச் சேனல் அகப்பட்டது. முதல் நாள், கோவணம் கட்டிய இரண்டு மலைகளைக் கண்டு சீ என்று முகத்தைத் திருப்பினேன். மூன்றாம் நாள் உடுப்பை விட்டுவிட்டுக் கைதட்டினேன். என் ஆள் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கூட்டத்தில் ஒல்லி. தன்னைப்போல் இரண்டு மடங்கானவர்களை வெளியே தள்ளிவிடுவார். அவர் வென்ற நாள்களில் கடைக்குப் போகும்போது நானும் நிமிர்ந்து நடந்தேன். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அரை அம்மண ஆம்பிளைகளைப் பார்க்கிறாள் என்ற கதை பேர்ன் முழுக்கப் பரவ ஒரு மணித்தியாலம் போதும்.

அந்த மே மாதம், பதினைந்து நாள் சுற்றின் கடைசிப் போட்டியில் வென்றால் என் ஆளுக்குக் கிண்ணம். ஞாயிறு மாலை ஐந்தரைக்குக் காட்டுவார்கள். எங்கள் வேதத்தில் மே, மாதாவின் மாதம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் செபமாலை. அந்த ஞாயிறு எங்கள் முறை. கணவர் மாதா சுரூபத்தை வைத்த இடம் தொலைக்காட்சிப் பெட்டியின் தலை.

இருபது பேர் வந்தார்கள். செபத்தை நடத்தியவர் மன்னார் அக்கா. படத்தில் முத்தம் வந்தால் பிள்ளைகளை அறையை விட்டு அனுப்புகிறவர். நான் அருள் நிறைந்த மரியேயை ரயில் வேகத்தில் சொல்ல, கணவர் முழங்கையால் இடித்தார். அக்காவோ மன்றாட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனார். முடிய ஐந்து இருபத்தைந்து. தேநீர், பற்றிஸ். ஒருவரும் எழும்புவதாயில்லை.

ஒளித்து ஒளித்துப் பார்த்த எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. என்ன, களவா செய்தேன்? எழும்பினேன். மாதாவைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். தொலைக்காட்சியைப் போட்டேன்.

"என்னப்பா இது?" என்றார் கணவர்.

"சுமோ. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். இண்டைக்குக் கடைசி நாள்."

திரையில் என் ஆள் ஒரு கை உப்பை அள்ளி எறிந்தார்.

"உப்பு ஏன் எறியினம்?" என்று கேட்டார் அக்கா.

"களத்தைச் சுத்தப்படுத்த, அக்கா. கும்பிட்டுட்டுத்தான் தொடங்குவினம்."

"ஓ. அப்ப பக்தியான ஆக்கள்தான்." கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

எதிராளி என் ஆளை வளையத்தின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார். குதிக்கால் வளையத்தின் வைக்கோல் கயிற்றில் முட்டியது. "விடாதை!" என்று கத்தினேன். "இடுப்பைப் பிடி!" என்று என் பின்னால் இன்னொரு குரல். அக்காதான்! என் ஆள் பக்கவாட்டில் திரும்பி இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுக்க, அந்தப் பெருத்த எதிராளி வளையத்தைத் தாண்டி முன்வரிசைச் சனத்தின் மேல் விழுந்தார். இருபது பேரும் போட்ட சத்தத்தில் உள்ளறையில் மகள் எழும்பி அழுதாள். கீழ்வீட்டுக்காரர் தடியால் தன் வீட்டு முகட்டை இடித்தார். நானும் அழுதேன், சந்தோசத்தில்.

போகும்போது அக்கா வாசலில் சப்பாத்தைப் போட்டபடி கேட்டார். "அடுத்தது எப்ப?"

"யூலையில, அக்கா. பதினைஞ்சு நாள்."

"அப்ப யூலையிலயும் ஒரு செபமாலை வைப்பம். உங்கட வீட்டிலதான்." கதவைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்தார். "மாதா அலுமாரிக்கு மேலயே இருக்கட்டும்."