தேதித்தாளுக்குப் பின்னால் அம்மா

புதுக் காலண்டரைப் பிரித்ததும் வரும் அச்சு மை வாசனை, எங்கள் வீட்டில் அம்மாவின் சேலையில் ஏறியிருந்த வத்தல் நெடியோடு கலந்துதான் வரும். விருதுநகரில் ஒரு முதலாளியின் "கிட்டங்கி" என்கிற சரக்குக் கிடங்கில் அம்மா மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளினாள். அய்யா அங்கேயே மூட்டை தூக்கினார்.

முதலாளி மாடி வைத்துப் புதுக்கடை கட்டியதும், அதைப் படம் பிடித்துச் சிவகாசியில் காலண்டர் அடிக்க ஆர்டர் கொடுத்தார். மூன்று கால் பெட்டியோடு வந்த போட்டோக்காரர் கட்டடத்துக்கு நேரே நிற்காமல் தெருமுனைக்குப் போய், தூண்கள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகிற மாதிரி கோணம் பார்த்து, கீழே பாதிக்கு வெறும் தெருவை விட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"தாயி, ஆள் நின்னாத்தான் கட்டடம் எம்புட்டு உசரம்னு தெரியும். இந்த முதல் தூணுகிட்ட நில்லுங்க. அசையவே கூடாது."

கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாத அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றாள். நெடி தாங்காமல் நான் தும்மினேன். "ஏட்டி, அசையாத," என்றாள், உதடு பிரியாமல்.

காலண்டர் வந்தது. கட்டடம் கம்பீரமாக இருந்தது. வெறும் தெருவின் மேல் தேதித்தாள் கட்டு ஒன்றை வைத்துப் பின் அடித்திருந்தார்கள். தாள்களைத் தூக்கிப் பார்த்தால் அம்மாவின் கட்டம் போட்ட சேலை கழுத்து வரை தெரிந்தது, பக்கத்தில், தும்மி அசைந்ததில் கலங்கிப் புகை மாதிரி நான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பின் அடித்த பட்டை.

"பிச்சுப் பாத்துருவோமா புள்ள?" என்றார் அய்யா.

"வராத நாளையெல்லாம் பிய்க்கச் சொல்லுதீகளா? என் மூஞ்சி எங்கன ஓடிப்போகப் போகுது?"

ஓடிப்போகாது என்று சொன்னாளே தவிர, தினமும் தாளைக் கிழித்ததும் அந்தப் பட்டையை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். அடுத்த வீட்டுச் சித்தி, "என்னக்கா, தலை முளைச்சிருச்சா?" என்று வருஷம் முழுக்கக் கேலி செய்தாள்.

கடைசித் தாளும் போன அன்று அய்யா கத்திமுனையால் பின்னை நெம்பினார். முகம் இருந்தது! பின் இறங்கிய ஓட்டை இரண்டும் சரியாகக் காதுக்கு ஒன்றாக விழுந்திருந்தன. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, காதும் குத்தியில்ல அனுப்பியிருக்காக," என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வத்தல் நெடி என்றாள்.

அந்த அட்டை இப்போது சிவகாசியில் என் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்போடு வேறு கடை எழுப்பிவிட்டார்கள். என் பேத்தி போனில் அந்த அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, இதுல நீங்க எங்கன இருக்கீக?" என்று கேட்டாள். அம்மாவின் கைநுனியில் இருந்த புகையைத் தொட்டுக் காட்டினேன்.

அசையாமல் நின்ற கட்டடமும் இல்லை, அம்மாவும் இல்லை. தும்மிய நான்தான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.