கேட்டுவிட்டுத் தொட்ட றெஜினா அக்கா

"அன்ரி, அம்மா மோசம் போட்டா" என்று றெஜினா அக்காவின் மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் காலை வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்தேன். இறப்புச் செய்தி கேட்டு ஆறுதல் சொல்லவேண்டிய நான், அம்மாவுக்குப் பொய்ப்பல்லுப் போட்டாச்சோ என்றுதான் கேட்டேன். இல்லை என்றான். நான் வரும்வரை பொறுக்கச் சொல்லிவிட்டுக் குருநகருக்குப் புறப்பட்டேன்.

இங்கே அக்காவை நினைவுகூர வந்தவர்களில், அவருடன் வேலைசெய்த உங்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இராது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தாதியர் பயிற்சியில் நாங்கள் ஒரே வகுப்பு. யுத்த இடப்பெயர்வால் படிப்புக் குழம்பி, எங்களைவிட நாலைந்து வயது கூடியவராக வந்து சேர்ந்தவர் அவர். உடம்பு துடைக்கப் பழகுவதற்கென்று கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை கிடக்கும். நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி அதைப் புரட்டியெடுப்போம். அக்கா மட்டும் அதன் முகத்தைப் பார்த்து, "அப்பு, உடம்பு துடைக்கப்போறன், சரியோ?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் கைவைப்பார். பொம்மை என்ன சொன்னது என்று நான் கேலி செய்ததும் உண்டு.

முதியோர் வார்ட்டில் என் கேலி அடங்கியது. பாரிசவாதத்தால் பேச்சிழந்த கொடிகாமத்தில் வயல்செய்த கமக்காரர் ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. கரண்டியைக் கண்டால் இடக்கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். தலையிடி என்று நானே முடிவுகட்டி, "சாப்பாட்டை மறுக்கிறார்" என்று குறிப்பும் எழுதிவிட்டேன். மறுநாள் மூக்கால் குழாய் விடுவதாக டொக்டர் சொன்னார். அதை அவர் இழுத்தால் கையைக் கட்டவேண்டி வரும். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு அருகில் இருந்தார். ஓம் என்றால் கண்ணை மூடித் திறக்கும்படி சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் ஒன்றுக்குக் கமக்காரர் கண்ணை மூடித் திறந்ததும், அக்கா என்னிடம் திரும்பினார்.

"உம்மடை பையிலை திருநீறு கிடக்குமெல்லே, தாரும்."

நான் சைவக்காரி. முகம் கழுவித் திருநீறு பூசாமல் என் அப்பா தேத்தண்ணியும் தொடமாட்டார். எனக்குத் தோன்றாதது, கழுத்தில் செபமாலை போட்டிருந்தவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அக்கா அவர் முகத்தைத் துடைத்து, எத்தனை விரலால் என்று என்னிடம் கேட்டுப் பூசிவிட்டார். நிமிர்த்தி இருத்தி, ஒரு கரண்டி தண்ணீர் சரியாக விழுங்குகிறாரா என்று பார்த்தபின் கஞ்சி கொடுத்தார். குழாய் தேவைப்படவில்லை.

"நாங்களா நினைச்சுக்கொண்டு செய்யக்கூடாது. கேட்டிட்டுச் செய்வம்," என்றார். எனக்குக் கிடைத்த ஏச்சு அவ்வளவுதான்.

இறப்பதற்கு முந்திய கிழமை நான் பார்க்கப் போனபோது, வீட்டில் படுக்கையாய்க் கிடந்த அக்காவே வாயை இறுக்கிக்கொண்டார். மகன் கஞ்சிக் கோப்பையுடன் கலங்கி நின்றான். காரணம் எனக்குத்தான் தெரியுமே என்று, செபமாலையை எடுத்து அவர் கையில் வைத்து, நெற்றியில் சிலுவையும் இட்டேன். வாய் திறக்கவில்லை. பிறகுதான் புத்தி வந்து, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"முதலிலை என்ரை பல்லைத் தாரும். பொக்கை வாயோடை ஆக்களுக்கு முன்னாலை சாப்பிடேலாது."

மூவரும் சிரித்தோம். அன்று அரைக் கோப்பை குடித்தார்.

இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பல் கட்டிலருகே கிளாசில் கிடந்தது. கழுவி எடுத்தேன். அவர் எனக்கு விட்டுச்சென்றது ஒரு கேள்வியும், அதன் பின்னான கொஞ்ச நேரப் பொறுமையும். அவர் முகத்தருகே குனிந்தேன்.

"அக்கா, பல்லுப் போடப்போறன், சரியோ?"

கொஞ்சம் பொறுத்துத்தான் கைவைத்தேன்.