கொடிக்கால் வாசலில் நின்ற மகள்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் ஏறிவிட்டேன். கையில் இரண்டு பைகள். ஒன்றில் சம்பந்தி வீட்டுக்குக் காராச்சேவு ஒரு கிலோவும் சீரணி மிட்டாய் அரைக் கிலோவும் இருந்தன. இன்னொரு பை காலி. அது என் மகள் கவிதாவின் துணிமணிகளை அடுக்கிக்கொண்டு வருவதற்கு.

முந்தின வாரம் சின்னமனூரிலிருந்து சம்பந்தியம்மா பேச்சியம்மாள் போன் செய்திருந்தார். "மதினி, பிள்ளை கொஞ்ச நாள் உங்க வீட்ல வந்து இருக்கட்டுமே. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "நேர்ல வாங்க, பேசிக்கிருவோம்" என்று வைத்துவிட்டார். கல்யாணம் முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிப் போகச் சொன்னால், அந்தக் கொஞ்ச நாள் எங்கே போய் முடியும் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். கவிதாவைக் கேட்டால், "அத்தைக்கு என்னையப் பிடிக்கலம்மா" என்று அழுகிறாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

எங்கள் வீடு தறி வீடு. முன்னறையில் இரண்டு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் உப்பு எங்கே என்று கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரரால் தறியை விட்டுவிட்டு வர முடியவில்லை. "போயி நல்லாப் பேசு. ஆனா கத்தாமப் பேசு" என்று சொல்லி அனுப்பினார். நான் எட்டாவது வரை படித்தவள். பேசத் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முருகன் படத்துக்கு முன் நின்று, "பேச்சை நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஏழரை மணிக்கு மதுரை ஆரப்பாளையம். ஒரு டீ பதினைந்து ரூபாய். கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உசிலம்பட்டி தாண்டும் வரை எங்கள் ஊரைப் போலவே காய்ந்த நிலம்தான். கணவாய் ஏறி இறங்கியதும் மலைகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஆண்டிபட்டியில் ஓர் அம்மாள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேவாரத்துக்காரர். உத்தமபாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்றார். உட்கார்ந்த மறுநிமிஷமே என் பைகளைப் பார்த்துவிட்டார்.

"ஒரு பை கனத்துக் கிடக்கு, ஒரு பை காத்தாடுது. மகளைக் கூட்டியாரப் போறீகளோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன்.

"சண்டையா?"

"என்ன சண்டைன்னே தெரியலம்மா. மாமியாரும் சொல்ல மாட்டேங்கிறாக, மகளும் சொல்ல மாட்டேங்கிறா."

"பேசிச் சண்டை போடுறவுக சாயங்காலம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுருவாக. பேசாமச் சண்டை போடுறதுதான் இழுத்துக்கிட்டே போகும். எங்க வீட்டுக்காரரு கோவம் வந்தா நாய்கிட்டதான் பேசுவாரு. 'ஏலே மணி, காப்பி போடச் சொல்லு'ன்னு. நான் விடுவனா? 'ஏலே மணி, பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்லு'ம்பேன். அந்த நாய் எங்களுக்கு நடுவுல படாத பாடு பட்டுச்சு."

சிரித்துவிட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

தேனி தாண்டியதும் காற்றே வேறாக இருக்கிறது. எட்டு கிலோமீட்டரில் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். பஸ்ஸில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். "தாயே, என் பிள்ளை அங்கயே இருந்து வாழணும். இந்தக் காலிப் பையில அவ துணி ஏறக்கூடாது." தேவாரத்து அம்மாளும் எனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்தரை மணிக்குச் சின்னமனூர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து, "வாங்க மதினி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கவிதா மெலிந்திருந்தாள். மாப்பிள்ளை தேனிக்கு வேலைக்குப் போயிருந்தார். சோறும் குழம்பும் அன்பாகத்தான் பரிமாறினார்கள். சம்பந்தியம்மா இயல்பிலேயே தணிந்த குரலில் பேசுகிறவர். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் எனக்குக் கேட்கும். எங்கள் பிள்ளையோ தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அந்தக் குரலை அவள் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாளோ என்று முதல் சந்தேகம் அப்போதே வந்தது. ஆனால் வந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு, "கொடிக்காலைப் பாத்துட்டு வருவோம் மதினி" என்றார் சம்பந்தியம்மா. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். சம்பந்தி வீட்டுக்கு அதுதான் பிழைப்பு. ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. அகத்தி மரங்களை வரிசை வரிசையாக வளர்த்து, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே பச்சை இருட்டு, கோயில் கருவறையைப் போல ஒரு குளிர்ச்சி.

வரப்பில் கால் வைத்ததும், "மதினி, செருப்பை இங்கன கழட்டிருங்க. லட்சுமி இருக்குற எடம்" என்றார். கழற்றிவிட்டேன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள் என்பதும் அங்கே வழக்கம். வீட்டுக்குத் தூரமானவர்கள் வெளியே மோட்டார் அறைப் பக்கம் நின்றுகொள்வார்கள். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கவிதா மோட்டார் அறைப் பக்கம் நின்றுவிட்டாள். "நான் இங்கயே நிக்கிறேன் அத்தை" என்றாள். உள்ளே கொடி கட்டிக்கொண்டிருந்த வீராயி என்ற வேலைக்காரப் பெண், கையில் வாழை நாரோடு சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரிசையின் கடைசிக்குப் போனதும் சம்பந்தியம்மா நின்றார். "மதினி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. பிள்ளைக்கு ஏதும் சீக்கு இருக்கா?"

"சீக்கா?"

"கல்யாணமான புதுசுல ரெண்டு மூணு நாள் உள்ள வந்துச்சு. அப்புறம் எப்பப் பாத்தாலும் வெளியதான் நிக்கிது. மாசத்துல மூணு நாள் நின்னா சரி. மாசம் பூராவும் நின்னா? உதிரப்போக்குச் சீக்கு போலன்னு வேலைக்கு வாரவுக காதைக் கடிக்கிறாக. எங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வைத்தியம் பாத்திருப்போம்ல? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீகளேன்னுதான் மதினி வருத்தம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரு மறைச்சா?" என்று தறி வீட்டுக் குரலில் கேட்டேன். கொடிக்கால் முழுக்கக் கேட்டிருக்கும். வேலை செய்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாவின் கண் கலங்கிவிட்டது. கத்தாமப் பேசு என்று வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. முருகா என்று மூச்சை இழுத்துவிட்டு, குரலைத் தணித்தேன்.

"மதினி, இதை நீங்க அவகிட்டக் கேட்டீகளா?"

"இதை எப்பிடிக் கேக்குறது? கேட்டா பிள்ளை மனசு நோகும்ல? வீராயி ஒரு நா கேக்கப் போனா, நான்தான் அதட்டிட்டேன்."

அவள் மனம் நோகக்கூடாது என்று கேட்காமலே இருந்திருக்கிறார். கேட்காமல் இருந்ததால்தான் அவள் மனம் நொந்துபோயிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது?

"நான் கேட்டுட்டு வாரேன். நீங்க இங்கனயே இருங்க" என்று வெளியே வந்தேன். கவிதா மோட்டார்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "ஏன்டி உள்ள வர மாட்டேங்கிற? உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." வெகுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்த புதுசுல உள்ள நிக்கையில ஒரு பாம்பு என் கால் மேல ஏறிப் போச்சும்மா. சில்லுன்னு இருந்துச்சு. பாம்பு பாம்புன்னு கத்துனேன். அத்தை ஓடி வந்து என் வாயைப் பொத்திட்டாக. 'பேசாத'ன்னாக. கடிச்சுச்சான்னுகூட கேக்கல. அன்னைக்கிருந்து வெறுங்காலோட உள்ள போகணும்னாலே கால் கூசுது. செருப்புப் போட்டுக்கிறவா முடியும்?"

"மாப்பிள்ளைகிட்டயாவது சொல்லக்கூடாது?"

"கொடிக்கால் வீட்டு மருமக பாம்புக்குப் பயந்தவன்னு ஊரே சிரிக்கும்மா."

வெளியே நிற்பதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று நான் சொன்னதும், அவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். தூரமான பெண்கள் மட்டும்தான் அங்கே நிற்பார்கள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. தறி வீட்டுப் பிள்ளைக்குக் கொடிக்கால் வழக்கம் எப்படித் தெரியும்? வீட்டில் அவள் விளக்கேற்றியிருந்தால் தூரமில்லை என்று தெரிந்திருக்கும்; விளக்கேற்றுவது எப்போதும் மாமியார் என்பதால் அங்கேயும் விஷயம் வெளிப்பட வழி இல்லாமல் போயிருக்கிறது.

"மதினி, கொஞ்சம் வெளிய வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். பின்னாலேயே நாரை இடுப்பில் செருகிக்கொண்டு வீராயியும் வந்துவிட்டாள். "சொல்லுடி" என்றேன். கவிதா எல்லாவற்றையும் சொன்னாள், வாயைப் பொத்தியதையும் சேர்த்து.

சம்பந்தியம்மா அவள் பக்கத்தில் வந்தார். மெல்லக் கேட்டார். "எந்தக் காலுத்தா?"

"வலது கால்."

அவர் மண்ணில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முந்திய தடத்தை இன்று தேடுகிறவர் போல விரல் விரலாகத் தடவினார். "கொடிக்காலுக்குள்ள அது பேரைச் சொல்லக்கூடாது ஆத்தா. பூச்சின்னுதான் சொல்லணும். பேரைச் சொன்னா அது அங்கயே தங்கிரும்னு எங்க மாமியா சொல்லுவாக. அதான் பதறிப் போயி பொத்துனேன். ஒன்னையத் திட்டவா பொத்துனேன்? நீ பாட்டுக்கு நடந்து போனதும், கடிக்கலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். வெளிய கூட்டியாந்து கேட்டிருக்கணும்."

கவிதா அழுதாள். சம்பந்தியம்மாவும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா நான் சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேந்தேன்? எம் மருமக சீக்கு தீரணும்னு" என்றார்.

கவிதா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காகவா அத்தை?"

"பின்ன யாருக்கு?"

வீராயிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அக்கா, இப்ப அந்தத் தீச்சட்டியை யாரு எடுக்குறது? பூச்சிகிட்டயா குடுக்கப் போறீக?"

"ஏ, வாயைக் கழுவு! ஆத்தாளுக்கு நேந்தது நேந்ததுதான். சீக்குக்குப் பதிலா பயம் தெளியணும்னு வச்சுக்கிருவேன். நீ போயி இந்தச் சேதியையும் எல்லார் காதுலயும் கடி, போ."

அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு காரியம் நடந்தது. சம்பந்தியம்மா ஒரு கம்பை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். "தட்டுனா அது வெலகிப் போயிரும். நான் கால் வச்ச தடத்துல ஒன் கால வச்சு வா" என்றார். கவிதா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள். ஐந்தாறு மரம் தாண்டியிருப்பாள். வாய்க்காலில் ஒரு தவளை குதித்தது. அவள் திரும்பி ஓடிவந்து மோதிய வேகத்தில், பின்னால் வந்த நான் விழப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஊர் சிரிக்குமே என்று அவள் பயந்த சிரிப்பு இவ்வளவுதான்.

இரவு மாப்பிள்ளை வந்து விவரம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தை, நான் ரெண்டு பேருகிட்டயும் மாத்தி மாத்திக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொன்னாக."

சனிக்கிழமை காலை நாங்கள் மூன்று பெண்களும் டவுன் பஸ்ஸில் வீரபாண்டிக்குப் போனோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஒரு முழம் பூ நாற்பது ரூபாய்க்கு வாங்கி அம்மனுக்குச் சாத்தினோம். ஆற்றில் கால் நனைத்தபோது கவிதா மாமியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அங்கிருந்தே எனக்குப் பஸ். காலியாக வந்த பையில் வெற்றிலையும் வாழைப்பழமும் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். தூக்க முடியாத கனம். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் யோசித்தேன். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் கத்திப் பேசுகிறோம். பாதி காதில் விழுவதில்லை. அந்த ஊரில் மனம் நோகுமே என்று பாதியைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். சாமிக்குப் பயந்து காக்கிற வழக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. உள்ளே சொல்லக்கூடாததை வெளியே கூட்டி வந்து கேட்டுவிட்டால் போதும். வீட்டில் நடக்கிற காரியத்தில் அம்மனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நாம்தான் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வந்த மறுவாரம் ஒரு மதியம் கவிதா போன் செய்தாள். எங்கள் தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மெல்ல ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லுடி!" என்றேன். "முடியாதும்மா, உள்ள நிக்கிறேன்" என்றது மட்டும் அரைகுறையாகக் கேட்டது. உள்ளே என்றால் கொடிக்காலுக்குள்ளே, மாமியாரைப் போலத் தணிந்த குரலில். அவளுக்குப் பக்கத்தில் கம்பு தரையைத் தட்டும் சத்தம் வந்தது.

எழுந்து போய் இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு, "இப்பச் சொல்லு" என்றேன்.