வெடிக்காத தலை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. பிழை இருந்தால் அச்சுக்கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். ரங்கூன் கூலிகளை அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர்கள் என்று சில வக்கீல்களுக்கு மாலை போட்டார்கள். போடட்டும். மீட்டது என் தலை. ரங்கூன் தின்கன்ஜூனில் மாடி வீடும் சொந்த லாரிகளும் சம்பாதித்தவன் இதைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

அப்போது மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தோம். அரிசி ஆலையில் மூட்டை தூக்குவது வேலை. ஊரிலிருந்து எங்களைக் கப்பலேற்றி வந்த மேஸ்திரி எவனிடமும் கைநாட்டு வாங்கியதில்லை. கொட்டகை வாசலில் ஒரு மாரியம்மனை வைத்திருந்தார். வந்திறங்கிய அன்றே அவள் முன்னால் கற்பூரம் கொளுத்துவார். "நீங்க விடுற வரைக்கும் போகமாட்டேன்" என்று சொல்லி அதை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். கல்யாணமானவனின் மறு கை பெண்டாட்டி தலையில் இருக்க வேண்டும். வாக்கு மீறினால் அந்தத் தலை வெடித்துவிடும். எனக்கு யாருமில்லை, என் தலையிலேயே கை வைத்துக்கொண்டேன்.

பூட்டே கிடையாது அந்தக் கொட்டகைக்கு. ஜுரத்தில் படுத்தவனைக் கோணி ஊசியால் குத்தி எழுப்புவார். அப்படியும் ஒருவனும் ஓடியதில்லை.

என் பக்கத்துப் பாயில் ராமநாதபுரத்துக்காரன் ஒருவன். அவன் பெண்டாட்டி ஆலையில் நொய் புடைப்பாள். என்னை அண்ணன் என்பாள். ஒரு நாள் மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு, "அமாவாசை கழிஞ்சதும் உம் பொஞ்சாதிய என் வீட்டுக்குச் சமைக்க அனுப்பு" என்றார். அதற்கு முன் சமைக்கப் போன ஒருத்தியை ஆற்றிலிருந்துதான் எடுத்தோம். அவன் அன்று சோறு தின்னவில்லை. ஓடினால் அவள் தலை வெடிக்கும், இருந்தால் அவள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கோர்ட்டு இருக்கிற கியாக்டடாவிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. கூலி அடிமைத்தனத்தை ஒழிக்கக் கிளம்பிய கூட்டத்தில் ஒருவர். மூட்டை மேல் ஏறி நின்று பேசினார்.

"வடக்கே பர்மா மலையில இருக்கிற அடிமைகளையெல்லாம் சர்க்கார் விடுதலை பண்ணுது. அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? வேலையை விட்டுப் போனா ஜெயில்னு இருந்த சட்டம் செத்துப்போச்சு. இப்பவே நடங்க! எவன் தடுக்கிறான்னு பார்ப்போம்!"

ஒருவரும் அசையவில்லை. ராமநாதபுரத்துக்காரன் மட்டும் பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைக் காட்டிக் கேட்டான்: "சட்டம் செத்துச்சு, சரிங்க. ஆத்தா சாகலையே. இவ தலைக்கு யாரு பொறுப்பு?"

வக்கீல் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. பிறகு அவரே, "வாக்கு வாங்கினவரே திருப்பித் தரட்டும், நான் கேக்கிறேன்" என்று அவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மாரியம்மன் முன்னால் போய் நின்றார். கொட்டகையே பின்னால் திரண்டது.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அதுக்கென்ன வக்கீலய்யா, தாராளமா. அடிச்சு அணைச்ச வாக்கு அணைக்காமத்தான் தீரணும். கற்பூரத்தைக் கையில ஏந்தட்டும். தானா எரிஞ்சு அடங்குனா விட்டுட்டேன்."

"இது அக்கிரமம்! போலீசுக்குப் போவேன்!"

"போங்க. நான் யாரையும் புடிச்சா வச்சிருக்கேன்?"

ராமநாதபுரத்துக்காரன் கையை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள். "தலை என்னோடது. நான் ஏந்துறேன்."

அவள் உள்ளங்கையில் கற்பூரம் எரிந்தது. அவள் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதாகி அணையப் போன நேரம் மேஸ்திரி இன்னொரு கட்டியைப் போட்டார். "ரெண்டு பேரு வாக்கில்ல?" என்றார். பின்னால் நின்றவர்களில் எவனோ ஒருவன் சிரித்தான். எங்கள் ஆள்தான். தோல் கருகும் வாசனை வந்த பிறகு சிரிப்பு நின்றது. வக்கீல் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடங்கியது. "விட்டுட்டேன், போ" என்றார் மேஸ்திரி. பிறகு எங்களைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இங்கேதான் நான் வருகிறேன். எனக்குக் கையைச் சுட்டுக்கொள்ளவும் மனமில்லை, அங்கே கிடக்கவும் மனமில்லை. என் பாயைச் சுருட்டினேன்.

"எங்கடா?"

"போறேன்."

"வாக்கு?"

"வெடிச்சா என் தலைதானே மேஸ்திரி, உமக்கென்ன வலிக்குது?"

சாக்குக் கொக்கியின் பிடியால் வாயில் அடித்தார். முன்பல் போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு நடந்தேன். ரயில் பாதையைத் தாண்டும்போது, பொய் சொல்வானேன், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன்.

வெடிக்கவில்லை. மறுநாளும் வெடிக்கவில்லை. வக்கீல் என்னைக் கொட்டகை கொட்டகையாகக் கூட்டிப் போனார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை, என் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தட்டியே பார்த்தார். பிறகு ஒவ்வொருவனாகப் பாயைச் சுருட்டினான். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் கொட்டகையில் அம்மன் மட்டும்தான் இருந்தாள். எத்தனை வக்கீல் வந்தாலும் நடக்காத காரியம் என் ஒரு தலையால் நடந்தது.

அந்தப் பெண்ணைப் பிறகு சூலே பயா புத்தர் கோயில் பக்கம் பார்த்தேன். புருஷன் பாரவண்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். கை பறவைக் கால் மாதிரி மடங்கிப் போயிருந்தது. முறம் பிடிக்க முடியாது. நான் புதுத் தலைப்பாகையோடு போய் நின்று, கொட்டகை காலியான கதையை விஸ்தாரமாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு என் தலையையே பார்த்தாள்.

"கொஞ்சங்கூட வலிக்கலையாண்ணே?"

"இல்லையே."

"ஒரு தலைவலி? ஒரு நாளைக்காவது?"

"ஒண்ணுமே இல்லம்மா. சத்தியமா."

அவள் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டாள்.